பாதரச ஆவி முதலில் மாற்றுவது ஆளின் குணத்தை

பாதரச ஆவியை மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுவாசித்தவருக்கு முதலில் இருமலோ காய்ச்சலோ வருவதில்லை. குணம்தான் மாறும். சின்ன விஷயத்துக்குச் சுள்ளென்று கோபம் வரும். இல்லையென்றால் யாரையும் நிமிர்ந்து பார்க்கவே கூச்சமாக இருக்கும். தூக்கம் கெடும். சுற்றி இருப்பவர்கள் "ஆள் முன்ன மாதிரி இல்ல" என்பார்கள். அது நோய் என்று யாருக்கும் தோன்றாது, அனுபவிக்கிறவருக்கும்கூட. நான் இதை எழுதுவதற்குக் காரணமே அதுதான். பாதரசம் புழங்கும் இடத்தில் வேலை பார்க்கும் ஒருவராவது இதைப் படித்துவிட்டு, பக்கத்து மேஜைக்காரரின் கோபத்தை வேறு கண்ணோடு பார்க்க வேண்டும்.

அளவுக் கருவிகளைப் பழுது பார்த்து, அளவு சரியாகக் காட்டுகிறதா என்று ஒப்பிட்டுத் திருத்தி (கேலிபரேஷன்) அனுப்பும் பிரிவில் பல ஆண்டுகள் இருந்தேன். அழுத்தத்தை அளக்கும் கண்ணாடிக் குழாய் மானோமீட்டர், பாதரச வெப்பமானி, பழைய ரத்த அழுத்தக் கருவி, பாதரச ஸ்விட்ச் எல்லாம் எங்கள் மேஜைக்கு வரும். நானும், என்னைவிட மூத்தவரான ஒரு அண்ணனும், புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பியும் ஒரே அறையில் வேலை செய்தோம். கருவிக்குள் இருக்கும் அழுக்கேறிய பாதரசத்தை வெளியே ஊற்றுவோம். வடிதாளைக் கூம்பாக மடித்து, நுனியில் ஊசியால் ஒரு துளை போட்டு, அதில் விடுவோம். அழுக்கு தாளோடு நின்றுவிடும், சுத்தமான பாதரசம் மெல்லிய இழையாகக் கீழே இறங்கும். கண்ணாடிக் குழாயை அமிலத்தில் கழுவி, தண்ணீரில் அலசி, சூட்டடுப்பில் உலர்த்தி, மறுபடி நிரப்புவோம். அளவு சரியாக வர வேண்டுமென்றால் அறையின் வெப்பநிலை மாறக்கூடாது. அதனால் ஜன்னல்கள் எப்போதும் மூடியே இருக்கும். ஏசி அதே காற்றைத்தான் சுற்றிச் சுற்றி விடும்.

கையுறை இல்லாமல் யாரும் பாதரசத்தைத் தொட மாட்டோம். மோதிரத்தைக் கழற்றி வைத்துவிடுவோம், தங்கத்தில் பட்டால் வெள்ளையாகப் பிடித்துக்கொள்ளும் என்று. முகத்தில் சாதாரணத் துணி முகக்கவசம். பாதுகாப்பு என்று எங்களுக்குச் சொல்லித் தந்தது இவ்வளவுதான். அபாயம் கையில் இருக்கிறது, வாயில் போய்விடக் கூடாது என்பதே எல்லோருடைய எண்ணமும்.

உண்மையில் பாதரசம் உடம்புக்குள் போகும் வழி மூக்குதான். உலோகப் பாதரசத்தைத் தவறி விழுங்கிவிட்டால், ஆரோக்கியமான குடலில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட உடம்பில் சேராது, மலத்தோடு வெளியேறிவிடும். தோல் வழியாகச் சேர்வதும் குறைவே. ஆனால் சுவாசிக்கும் ஆவியில் ஏறத்தாழ 80 சதவீதம் நுரையீரலிலிருந்து நேராக ரத்தத்துக்குப் போகிறது. ரத்தச் சிவப்பணுவுக்குள் அது மெல்ல வேறு வடிவத்துக்கு மாறும். மாறுவதற்குள் ஒரு பகுதி மூளையைச் சென்றடைந்துவிடும். கொழுப்பில் எளிதாகக் கரைவதால் மூளையைக் காக்கும் தடுப்பு அதை நிறுத்துவதில்லை. கர்ப்பிணியாக இருந்தால் நச்சுக்கொடியையும் கடக்கும். மூளைக்குள் போனபின் அங்கேயும் வடிவம் மாறி, வந்த வழியே திரும்ப முடியாமல் தங்கிவிடுகிறது. மீதி பெரும்பாலும் சிறுநீரகத்தில் சேர்கிறது.

"இங்கே ஒரு துளி, அங்கே ஒரு துளி சிந்தினால் என்ன ஆகிவிடும்?" என்று கேட்பவர்களுக்காக ஒரு சின்னக் கணக்கு. பல நாடுகளின் தொழில்நல வல்லுநர்கள் 8 மணி நேர வேலைக்கு ஏற்கும் அளவு, ஒரு கன மீட்டர் காற்றில் 0.025 மில்லிகிராம். 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் உள்ள அறையில் 60 கன மீட்டர் காற்று இருக்கும். அந்த அறை முழுக்க வரம்பைத் தொடுவதற்கு ஒன்றரை மில்லிகிராம் ஆவி போதும். ஒரு மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரே ஒரு பாதரச மணியின் எடை சுமார் 7 மில்லிகிராம். காற்று மாறாத அறையில் அந்த மணி முழுவதும் ஆவியானால் வரம்பைப் போல நாலு மடங்குக்கும் மேல். எங்கள் மேஜையின் பலகை இடுக்குகளில் இருந்ததோ எண்ணி மாளாது.

சூடு இதை இன்னும் மோசமாக்கும். 20 டிகிரியில் பாதரசத்தோடு மூடிக் கிடக்கும் காற்று, கன மீட்டருக்கு சுமார் 14 மில்லிகிராம் வரை ஆவியைத் தாங்கும். 30 டிகிரியில் அது இரண்டு மடங்காகும். 100 டிகிரியில் 2 கிராமைத் தாண்டும். கண்ணாடிக் குழாயின் உட்புறத்தில் ஒட்டிய கண்ணுக்குத் தெரியாத பொடி மணிகளோடு அதைச் சூட்டடுப்பில் வைத்து, அடுப்புக் கதவைத் திறக்கும்போது நம் முகத்தில் அடிப்பது எது என்று இந்த எண்கள் சொல்லும். ஆவிக்கு மணமில்லை, நிறமில்லை, கண் எரியாது. உடம்பு நம்மை எச்சரிக்க அதில் ஒன்றுமே கிடையாது.

எனக்கு முதலில் போனது தூக்கம். அடுத்தது பொறுமை. வீட்டில் குழந்தை கரண்டியைக் கீழே போட்டால் கத்துவேன். அலுவலகத்தில் ஒரு பதிவேட்டை யாரோ இடம் மாற்றி வைத்ததற்காகத் தம்பியை எல்லோர் முன்னாலும் திட்டினேன். வாயில் காசை வைத்தது மாதிரி ஓர் உலோகச் சுவை நாள் முழுக்க இருந்தது. ஈறு வீங்கும், பல் தேய்த்தால் ரத்தம் வரும். பேசிக்கொண்டிருக்கும்போதே சொல்ல வந்த சொல் நழுவிவிடும்.

அண்ணனுக்கு நேர் எதிர். அறையையே சிரிக்க வைத்தவர் மெல்ல மெல்ல ஒதுங்கினார். மதியச் சாப்பாட்டுக்கு எங்களோடு உட்காருவதை விட்டார். மேலதிகாரி அறைக்குள் வந்தால் முகம் சிவந்து, குனிந்துகொள்வார். "வயசாகுதுல்ல தம்பி, யார்கிட்டயும் பேசப் பிடிக்கல" என்பார். அவர் கிளாஸில் தேநீர் தளும்பும். கையெழுத்து சிலந்தி ஊர்ந்தது போல ஆகிவிட்டது. சான்றிதழில் அவர் போட்ட கையெழுத்து கோப்பில் இருக்கும் மாதிரியோடு பொருந்தவில்லை என்று ஒருமுறை திருப்பி அனுப்பினார்கள். அன்று அவர் அவமானப்பட்டதை நினைத்தால் இப்போதும் மனசு கனக்கிறது. அதை அலட்சியம் என்று குறித்தார்கள். அது நரம்பின் நடுக்கம்.

கூச்சம், எரிச்சல், மறதி, தூக்கமின்மை ஆகிய இந்த மன மாற்றத்துக்கு மருத்துவத்தில் எரெதிசம் என்று பெயர். இதோடு கை நடுக்கமும் ஈறு நோயும் சேர்ந்தால் பாதரச ஆவி நச்சின் மூன்று முக்கிய அடையாளங்களும் ஆயிற்று. 19ஆம் நூற்றாண்டில் தொப்பிக்கான ரோமத்தைப் பாதரச உப்பில் ஊறவைத்துப் பதப்படுத்திய தொழிலாளர்களிடம் இவை மூன்றும் அப்பட்டமாகத் தெரிந்தன. ஆல்ஃபிரெட் ஸ்டாக் என்ற ஜெர்மானிய வேதியியலர் ஆய்வுக்கூடத்தில் நீண்ட காலம் பாதரசக் கருவிகளோடு வேலை செய்தவர். தலைவலி, மயக்கம், மறதி என்று வருடக்கணக்கில் அவதிப்பட்ட பிறகே காரணம் தன் அறைக் காற்றுதான் என்று கண்டுபிடித்து, 1926-இல் உலகத்தை எச்சரித்து எழுதினார். பெயர் பெற்ற வேதியியலருக்கே காரணம் பிடிபட அவ்வளவு காலம் ஆனது. எங்களைப் போன்றவர்களை "டென்ஷனைக் குறைங்க" என்று அனுப்பிவிடுவதில் ஆச்சரியமில்லை.

எனக்கும் அப்படித்தான் நடந்தது. முதலில் பார்த்த மருத்துவர் பதற்றம் என்று சொல்லித் தூக்க மாத்திரை எழுதினார். பிறகு வேறொரு மருத்துவரிடம் போனபோது என் மனைவியும் கூட வந்தாள். "இவர் கோபக்காரர் கிடையாதுங்க டாக்டர். போன வருஷத்துல இருந்துதான் இப்படி. வார லீவுல கொஞ்சம் பரவால்ல" என்றாள். அதைக் கேட்டதும் அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "என்ன வேலை பார்க்கிறீங்க? வேலையில் எதையெல்லாம் தொடுறீங்க, எதையெல்லாம் சூடு பண்றீங்க?" என்று கேட்டார். நோயாளியிடம் தொழிலைக் கேளுங்கள் என்று இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமசினி 1700-இலேயே சக மருத்துவர்களுக்கு எழுதி வைத்தார். கண்ணாடிக்குப் பாதரசம் பூசுபவர்கள், பாதரசம் கலந்து தங்க முலாம் போடுபவர்கள் ஆகியோரின் நடுக்கத்தையும் அவர் பதிவு செய்திருக்கிறார். உங்கள் மருத்துவர் கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். 'டெக்னீஷியன்' என்று மட்டும் சொன்னால் போதாது, 'பாதரசம் ஊற்றி, வடிகட்டி, சூடுபடுத்துகிறேன்' என்று சொல்ல வேண்டும். கூட வாழ்கிறவரையும் அழைத்துப் போங்கள். நம் குணம் மாறியது நமக்குத் தெரிவதற்கு முன் அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

அந்த மருத்துவர் ஒரு தாளைக் கொடுத்து, சுருள் வட்டம் ஒன்று வரையச் சொன்னார். கோடு ரம்பப் பல் மாதிரி வந்தது. தேதி போட்டுக் கோப்பில் வைத்தார். அடுத்தடுத்த முறையும் வரையச் சொல்லி ஒப்பிட்டார். காசில்லாத இந்தச் சோதனையை நீங்கள் வீட்டிலேயே செய்யலாம்: மாதம் ஒரு தடவை ஒரே வாக்கியத்தை எழுதி, ஒரு சுருள் வரைந்து, தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள்.

சோதனை பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். நாள்பட்ட ஆவிப் பாதிப்புக்குச் சரியான சோதனை சிறுநீரில் பாதரசம். ரத்தம் அண்மையில் சுவாசித்ததைக் காட்டும், ஆனால் மீன் அதிகம் சாப்பிடுபவருக்கு மீனிலுள்ள மெத்தில் பாதரசமும் அதில் சேர்ந்து குழப்பும். சிறுநீர் முடிவை, சிறுநீரில் ஓரளவு சீராக வெளியேறும் கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருளோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும். இல்லையென்றால் நிறையத் தண்ணீர் குடித்தவருக்குக் குறைவாகத் தெரியும். மாதிரியை வேலை உடையோடு, வேலை இடத்துக் கழிப்பறையில் எடுக்காதீர்கள். குளித்து, உடை மாற்றி, கை கழுவி, ஆய்வகம் கொடுத்த சுத்தமான புட்டியில் எடுங்கள். பாதரசத்தோடு தொடர்பில்லாதவருக்குப் பொதுவாக ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 5 மைக்ரோகிராமுக்குள் இருக்கும். தொழிலாளருக்கு 20 என்பதை எச்சரிக்கைக் கோடாக வைக்கிறார்கள். எனக்கு 118 வந்தது. அண்ணனுக்கு அதைவிடக் கூடுதல், கூடவே சிறுநீரில் புரதமும் போயிருந்தது. கொஞ்ச காலமாகவே அவருக்குச் சாயங்காலம் கால் வீங்கிக்கொண்டிருந்தது. சிறுநீரக வடிகட்டியில் பாதரசம் கை வைத்துவிட்டதன் அடையாளம் அது.

இன்னொன்று. சில இடங்களில், உலோகத்தை இழுத்து வெளியேற்றும் மருந்தை முதலில் கொடுத்துவிட்டு, அதன்பின் வரும் சிறுநீரைச் சோதித்து, "பாருங்கள், எவ்வளவு பாதரசம்!" என்று பயமுறுத்துவார்கள். அந்த மருந்து கொடுத்தால் யாருக்குமே எண் ஏறத்தான் செய்யும். மருந்தில்லாத சாதாரண மாதிரிக்கான வரம்போடு அதை ஒப்பிடவே முடியாது. மறுத்துவிடுங்கள்.

எங்களுக்கான முதல் சிகிச்சை, அந்த அறையை விட்டு வெளியே வந்ததுதான். உடம்பில் சேர்ந்த பாதரசம் பாதியாகக் குறைய ஏறத்தாழ இரண்டு மாதம் ஆகும். மூளையில் இருப்பது இன்னும் மெதுவாகத்தான் போகும். டிஎம்எஸ்ஏ போன்ற மருந்துகள் சிறுநீரில் வெளியேற்றத்தைக் கூட்டும், ஆனால் மூளையில் தங்கியதை எடுத்துவிடும் என்ற உறுதி இல்லை. அதனால் யாருக்கு, எப்போது என்பதை நச்சியல் தெரிந்த மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். அதே காற்றைச் சுவாசித்துக்கொண்டே மருந்து சாப்பிடுவதில் அர்த்தமில்லை. அண்ணனுக்கு மருந்து கொடுத்தார்கள், எனக்குக் கொடுக்கவில்லை.

அதன்பிறகு அறையைச் சோதிக்க வல்லுநர்கள் வந்தார்கள். அவர்கள் காட்டிய ஒன்றை எல்லாப் பாதரசக் கூடத்திலும் காட்ட வேண்டும் என்பது என் விருப்பம். புற ஊதா ஒளியின் 254 நானோமீட்டர் அலையைப் பாதரச ஆவி விழுங்கிக்கொள்ளும். ஒளிரும் திரை ஒன்றை வைத்து, அதற்கு எதிரே அந்த விளக்கைப் போட்டு, நடுவில் எங்கள் பாதரசக் கிண்ணத்தை வைத்தார்கள். கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத கிண்ணத்திலிருந்து திரையில் கரும்புகை எழுந்தது. கிண்ணத்தை உள்ளங்கையால் கொஞ்சம் சூடாக்கியதும் புகை அடர்ந்தது. தம்பி ஒரு வார்த்தை பேசாமல் வெளியே போய் நின்றுகொண்டான். எத்தனை சுவரொட்டி ஒட்டினாலும் அந்தப் புகையின் நிழலுக்கு ஈடாகாது.

கையடக்க ஆவிமானியைக் கொண்டு எங்கெங்கே அதிகம் என்று தேடினார்கள். நாங்கள் எதிர்பார்த்த மேஜை மேல் அவ்வளவு இல்லை. சூட்டடுப்பின் உட்சுவர், கழுவுதொட்டிக்குக் கீழே வளைகுழாயில் தேங்கியிருந்த பாதரசம், தரை விரிப்பின் இணைப்புகள், ஏசி வடிகட்டி, அலமாரிக்குள் தொங்கிய எங்கள் மேலங்கிகள், இவைதான். பாதரசம் தண்ணீரைப் போல 13.6 மடங்கு கனம். தொட்டியில் விழுந்தால் தண்ணீரோடு ஓடிவிடாது, வளைவிலேயே உட்கார்ந்து ஒவ்வொரு முறை வெந்நீர் போகும்போதும் ஆவியை மேலே அனுப்பும். உங்கள் கூடத்தில் பாதரசத்தையே நிறுத்திப் பத்து வருடமானாலும் அந்த வளைகுழாயை ஒருமுறை கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

சிந்தினால் என்ன செய்வது என்பதை நாங்கள் அப்போதுதான் முறையாகக் கற்றோம். துடைப்பத்தைத் தொடவே கூடாது, ஒரு மணியை அது நூறாக உடைக்கும், பரப்பு கூடும், ஆவியும் கூடும். வாக்குவம் கிளீனர் அதைவிட மோசம், மோட்டார் சூட்டில் ஆவியாக்கி அறை முழுக்க ஊதிவிடும். ஆட்களை வெளியே அனுப்பி, உள்கதவை மூடி, ஏசியை நிறுத்தி, வெளிப்பக்க ஜன்னலைத் திறக்க வேண்டும். சிந்தியதை மிதித்த செருப்பை அங்கேயே கழற்றிவிட வேண்டும். கெட்டி அட்டையால் மணிகளை ஒன்றாகத் தள்ளிச் சேர்த்து, சொட்டுக்குழாயால் உறிஞ்சி, இறுக மூடும் பிளாஸ்டிக் புட்டியில் கொஞ்சம் தண்ணீருக்கு அடியில் விட வேண்டும். பிறகு விளக்கை அணைத்து, டார்ச்சைத் தரையோடு தரையாகச் சாய்த்துப் பிடித்தால் மிச்ச மணிகள் மின்னும். அவற்றை ஒட்டுநாடாவால் எடுக்கலாம். கந்தகத் தூளைத் தூவினால் எல்லாம் முடிந்தது என்று பலர் நம்புகிறார்கள். சாதாரண வெப்பநிலையில் அது மெதுவாகத்தான் வினைபுரியும், மணியின் மேல்தோலைத்தான் மூடும். பொறுக்கி எடுத்தபின் இடுக்குகளுக்கு அது உதவும், பொறுக்குவதற்குப் பதிலாக அல்ல. அளவு அதிகமென்றால் நீங்களே இறங்காமல் பயிற்சி பெற்றவர்களை அழையுங்கள். துணி முகக்கவசமும் சாதாரணத் தூசி முகக்கவசமும் ஆவிக்குப் பயன்படாது. பாதரசத்துக்கென்றே தயாரித்த கார்ட்ரிட்ஜ் போட்ட சுவாசக் கருவி வேண்டும், அதற்கும் ஆயுள் உண்டு.

வீட்டை நினைத்துத்தான் நான் அதிகம் பயந்தேன். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் வெப்பமானித் தொழிற்சாலைத் தொழிலாளர்களின் குழந்தைகளுக்கு, அந்தப் பக்கமே போகாதவர்களுக்கு, சிறுநீரில் பாதரசம் கூடியிருந்ததை 1980-களில் கண்டார்கள். பெற்றோரின் உடையோடும் காலணியோடும் போனது அது. குழந்தைகளுக்கு வந்தால் கை கால் விரல்கள் சிவந்து, வலித்து, தோல் உரியும், வியர்க்கும், ஓயாமல் அழும். என் குழந்தையையும் சோதித்தோம், அளவு இயல்பாக இருந்தது. அன்றிலிருந்து எங்கள் பிரிவில் வேலை உடை வேலை இடத்திலேயே இருக்கும், துவைப்பதும் நிறுவனத்தின் பொறுப்பு. குளிக்காமல் யாரும் கிளம்புவதில்லை. அறைக்குள் சாப்பாடும் தண்ணீரும் கிடையாது. கர்ப்பமாக இருப்பவர், கர்ப்பமாகும் எண்ணம் உள்ளவர் யாரையும் அங்கே பணியில் போடுவதில்லை, சம்பளமோ பதவியோ அதனால் குறைவதுமில்லை. கடைசியாகச் சொன்னதை எழுத்தில் வாங்குவதற்குத்தான் நாங்கள் அதிகம் போராட வேண்டியிருந்தது.

எனக்குத் தூக்கம் முதலில் திரும்பியது, பிறகு ஈறு சரியானது. நடுக்கம் குறைய ஓராண்டுக்கு மேல் ஆனது. இப்போதும் களைத்துப்போனால் சட்டைப் பொத்தான் போடச் சிரமம். அண்ணனின் சிறுநீர்ப் புரதம் நின்றுவிட்டது, பேச்சும் சிரிப்பும் பெரும்பாலும் திரும்பிவிட்டன. விரல் நடுக்கம் முழுதாகப் போகவில்லை. அவருடைய பணிப் பதிவேட்டில் எழுதியிருந்த அலட்சியக் குறிப்பை, மருத்துவ அறிக்கையை இணைத்து மனு கொடுத்து நீக்க வைத்தோம். இதே நிலையில் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் செய்யுங்கள். நோயால் வந்த நடத்தை ஒருவரின் பெயரில் குற்றமாக நிற்கக் கூடாது.

பாதரசத்தைக் கட்டுப்படுத்த உலக நாடுகள் 2013-இல் ஏற்று, 2017-இல் நடைமுறைக்கு வந்த மினமாட்டா உடன்படிக்கை, பாதரச வெப்பமானி, ரத்த அழுத்தக் கருவி போன்றவற்றின் தயாரிப்பையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2020-க்குள் நிறுத்தச் சொன்னது. புதியவை குறையும்போது பழையவற்றைக் கழற்றுகிற, உடைக்கிற, மறுசுழற்சி செய்கிற வேலை கூடும். அங்கே இருப்பவர்களில் பலருக்கு ஆவிமானியும் கிடையாது, சிறுநீர்ச் சோதனையும் கிடையாது. அவர்களுக்கான முதல் கோரிக்கை வேலைக்குச் சேரும் நாளிலேயே ஒரு சிறுநீர்ச் சோதனை, பிறகு சீரான இடைவெளியில் அதே சோதனை, முடிவின் நகல் தொழிலாளியின் கையில். ஆரம்ப எண் இருந்தால்தான் ஏறியதை நிரூபிக்க முடியும்.

எங்கள் அறையைக் காலி செய்தபோது நல்ல தேக்கு மேஜை ஒன்று மிஞ்சியது. வீட்டுக்கு எடுத்துப் போகட்டுமா என்று ஒருவர் கேட்டார். ஆவிமானியை அதன் இடுக்கில் வைத்துக் காட்டினோம். மேஜையை பிளாஸ்டிக்கில் சுற்றி அபாயக் கழிவோடு அனுப்பினார்கள். அப்படிப்பட்ட அறையிலிருந்து வரும் மேஜை, அலமாரி, விரிப்பு எதுவானாலும், இலவசமாகக் கிடைத்தாலும், அளந்து பார்க்காமல் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.